குளிரைத் தாங்கும் பயிர்கள்: மரபணுப் பொறியியல் கடந்து வந்த பாதை

ஒரு நிலத்தில் எந்தப் பயிர் விளையும் என்பதை முடிவு செய்வதில் மண்ணுக்கும் நீருக்கும் இணையான பங்கு வெப்பநிலைக்கு உண்டு. நெல், மக்காச்சோளம், பருத்தி, தக்காளி, வெள்ளரி, வாழை போன்றவை வெப்ப மண்டலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் தோன்றிய பயிர்கள். வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிச் சில நாள் நீடித்தாலே அவற்றின் வளர்ச்சி தடைப்படும். குளிர்கால கோதுமையோ பனிக்கடியில் பல வாரங்கள் கிடந்தாலும் வசந்தத்தில் துளிர்க்கிறது. இந்த வேறுபாட்டின் மூலத்தைக் கண்டுபிடித்து, தாங்கும் திறனைத் தாங்காத பயிருக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்பது கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தாவர அறிவியலில் ஆராயப்பட்டு வரும் கேள்வி.

கேள்வியின் கனத்தை உணர்த்தச் சில ஆண்டுகளே போதும். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் விழுந்த உறைபனி அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அடியோடு கருக்கியது. உலகெங்கும் காப்பி விலை ஏறியது. 1993இல் ஜப்பானில் கோடைக்காலம் குளிராகவே கழிந்ததால், நெல் விளைச்சல் வழக்கமான அளவில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாக விழுந்தது. அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த அந்த நாடு தாய்லாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அரிசியை இறக்குமதி செய்தது. 2021 ஏப்ரலில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை உறைபனி தாக்கியது. மார்ச் மாத வெப்பத்தில் முன்கூட்டியே விரிந்திருந்த மொட்டுகள்தான் அதில் அதிகம் அழிந்தன. புவி வெப்பமடைவதால் குளிர்ச் சேதம் தானாகவே நீங்கிவிடும் என்று நம்ப இடமில்லை என்பதை அந்த ஏப்ரல் காட்டியது.

இரு வகைச் சேதம்

குளிரால் வரும் சேதம் இரு வகைப்படும். நீர் உறையும் நிலைக்கு மேலேயே, ஏறத்தாழ 0 முதல் 15 டிகிரிக்குள் ஏற்படுவது குளிர்ச் சேதம். நீர் உறைவதால் ஏற்படுவது உறைச் சேதம். இரண்டின் காரணங்களும் வேறு என்பதால் தீர்வுகளும் வேறு.

குளிர்ச் சேதம் பெரும்பாலும் உயிரணுச் சவ்விலிருந்து தொடங்குகிறது. சவ்வு கொழுப்புப் பொருள்களால் ஆனது. மார்கழிக் காலையில் நெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களும் நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்களும் மிகுந்திருப்பதே காரணம். சவ்விலும் இதே வேதியியல்தான் செயல்படுகிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த சவ்வு குளிரில் இறுகி, அயனிகளைக் கசியவிடுகிறது. பசுங்கணிகத்தின் ஒளிச்சேர்க்கை அமைப்பும் சீர்கெடுகிறது.

நெல்லில் இன்னொரு நுட்பமான சேதமும் உண்டு. தொண்டைக்கதிர்ப் பருவத்தில், மகரந்தத் தாய் உயிரணுக்கள் பிரிந்து முடிந்தவுடன், வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கிச் சில நாள் நின்றால் மகரந்தம் மலடாகிவிடும். இலை பச்சையாகவே இருக்கும். செடியைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. கதிர் வெளிவந்து முற்றும்போதுதான் மணிகள் பதராகிப்போனது தெரியும். ஜப்பானின் 1993ஆம் ஆண்டு இழப்பில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது.

உறைச் சேதத்தின் போக்கு வேறு. பனிப்படிகம் முதலில் உயிரணுவுக்கு வெளியே, உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் உருவாகிறது. அங்குள்ள நீர் பனியாக மாறியதும் உயிரணுவுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. மைனஸ் 10 டிகிரியில் உயிரணுவில் இயங்கும் நீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் இவ்வாறு வெளியேறிவிடும். எனவே உறைபனியில் சாகும் செடி பெரும்பாலும் நீர் வற்றியே சாகிறது. வறட்சியும் உறைபனியும் உயிரணுவின் கண்ணில் ஒரே துன்பத்தின் இரு வடிவங்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் பலவற்றுக்கு இந்த உண்மையே அடித்தளம்.

வானிலை நிலையங்கள் தரும் காற்றின் வெப்பநிலையை மட்டும் கொண்டு உறைபனியைக் கணக்கிட முடியாது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடுகின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியின் பள்ளத்தாக்குகளிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் கருகுவது இத்தகைய இரவுகளில்தான்.

செடி தானே பழகும் முறை

மிதவெப்ப நாடுகளின் தாவரங்களுக்குக் குளிரைத் தாங்கும் திறன் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கோடையில் வளர்ந்த ரை பயிரைத் திடீரென உறையவைத்தால் மைனஸ் 5 டிகிரியிலேயே மடிந்துவிடும். அதே பயிரை 0 முதல் 5 டிகிரியில் சில வாரங்கள் வைத்துப் பழக்கினால் மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும். இலையுதிர் காலக் குளிர், வரப்போகும் கடுங்குளிருக்கான எச்சரிக்கையாகச் செடிக்கு அமைகிறது.

பழகும் நாள்களில் செடிக்குள் பல மாற்றங்கள் ஒருங்கே நடக்கின்றன. சவ்வின் கொழுப்பு அமைப்பு மாறுகிறது. சர்க்கரைகளும் புரோலின் போன்ற அமினோ அமிலங்களும் சேர்கின்றன. நீர் வற்றும்போது சவ்வைக் காக்கும் புரதங்கள் உருவாகின்றன. இம்மாற்றங்களுக்குப் பின்னால் மரபணுக்களின் இயக்கமே மாறுகிறது என்பதை 1985இல் சார்லஸ் கய்யும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பசலைக்கீரையில் நிறுவினர். குளிர் தாங்குதல் மரபணுவின் மொழியில் எழுதப்பட்டிருந்தால் அதை மாற்றி எழுதவும் முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வலுப்பட்டது.

வெளியிலிருந்து கடன் வாங்கிய முயற்சிகள்

தொடக்கக் கால முயற்சிகள் செடிக்கு வெளியே தீர்வைத் தேடின. தூய நீர் 0 டிகிரியில் உடனே உறைந்துவிடுவதில்லை; படிகம் உருவாக ஒரு கரு வேண்டும். கரு இல்லாவிட்டால் மைனஸ் 38 டிகிரி வரைகூட நீர்மமாகவே இருக்க முடியும். இலைகளின் மேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தால் இந்தக் கருவை அமைத்துக் கொடுக்கிறது. மைனஸ் 2 டிகிரியிலேயே பனி பிடித்துவிடுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லிண்டோ, அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய பாக்டீரியாவை உருவாக்கினார். அதை முன்கூட்டியே இலைகளில் தெளித்தால், பனி உண்டாக்கும் இயல்பான பாக்டீரியாவுக்கு இடமில்லாமல் போகும் என்பது கருத்து.

எளிமையான இந்தக் கருத்து பெரும் சர்ச்சையை எழுப்பியது. ஜெரமி ரிஃப்கின் தலைமையில் எதிர்ப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 1984இல் வெளிக்களச் சோதனைக்குத் தடை விதிக்கப்பட்டது. தடைகள் நீங்கி, 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பிரென்ட்வுட்டில் ஸ்ட்ராபெரிச் செடிகளிலும், அதைத் தொடர்ந்து டூலேக்கில் உருளைக்கிழங்கிலும் தெளிக்கப்பட்டது. அரசின் அனுமதியோடு மரபணு மாற்றப்பட்ட ஓர் உயிரி திறந்தவெளியில் விடப்பட்டது அதுவே முதல்முறை. தெளித்தவர்கள் விண்வெளி வீரர்களைப்போல் உடல் முழுவதும் மூடிய பாதுகாப்பு உடை அணிந்திருந்தனர். அந்தப் படங்கள் பரவி, மக்களின் அச்சத்தை வளர்த்தன. சோதனை முடிவுகள் ஊக்கம் தருவனவாக இருந்தும் அந்தப் பொருள் விவசாயிகளின் கைக்கு வரவில்லை.

இரண்டாவது கடன் மீனிடமிருந்து வந்தது. அண்டார்க்டிக் கடலின் மீன்கள் 0 டிகிரிக்குக் கீழுள்ள உப்புநீரிலும் உறையாமல் வாழ்வது எப்படி என்பதை ஆர்தர் டிவ்ரீஸ் 1960களில் ஆராய்ந்து, அவற்றின் இரத்தத்தில் உறைதடுப்புப் புரதங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். இப்புரதங்கள் நுண்ணிய பனிப்படிகத்தின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அது பெரிதாவதைத் தடுக்கின்றன. வட அட்லாண்டிக்கின் விண்டர் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீனின் இத்தகைய மரபணுவைத் தக்காளியிலும் புகையிலையிலும் சேர்த்த ஆய்வு 1991இல் வெளியானது. திசுச் சாற்றில் பனிப்படிகங்கள் பெரிதாவது குறைந்தது. ஆனால் பயன் தரும் அளவுக்குச் செடியின் உறைதாங்குதிறன் உயரவில்லை. இந்தத் தக்காளி சந்தைக்கு வரவே இல்லை. எனினும் 'மீன் தக்காளி' என்ற பெயர் மரபணு மாற்றத்துக்கு எதிரான பிரசாரத்தில் பல ஆண்டுகள் வலம் வந்தது. பின்னர் குளிர்கால ரையிலும் கேரட்டிலும் தாவரங்களுக்கே உரிய உறைதடுப்புப் புரதங்கள் கண்டறியப்பட்டன. அவற்றின் செயல் நுட்பம் சிறந்ததாயினும், தனியொரு புரதத்தால் மொத்தப் பாதுகாப்பும் வராது என்ற பாடம் உறுதியானது.

சவ்வை மாற்றுதல்

குளிர்ச் சேதத்துக்குச் சவ்வே காரணம் என்ற கருதுகோளை நேரடியாகச் சோதித்தவர் ஜப்பானின் நோரியோ முராட்டா. 1990இல் அவரது குழு, கொழுப்பு அமிலத்தை நிறைவுறாததாக மாற்றும் நொதியின் மரபணுவை ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து மற்றொரு பாசிக்கு மாற்றி, அதன் குளிர் தாங்குதிறனை உயர்த்தியது. 1992இல் சோதனை புகையிலைக்கு வந்தது. பசுங்கணிகத்தின் ஒரு முக்கியக் கொழுப்பில் எந்த வகைக் கொழுப்பு அமிலம் சேர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் நொதி ஒன்று உண்டு. குளிர் தாங்காத பூசணி இனத்திலிருந்து அதன் மரபணுவைப் பெற்ற புகையிலை, குளிரில் முன்னைவிட நலிந்தது. குளிர் தாங்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறிய ஆய்வுச் செடியிலிருந்து பெற்ற புகையிலை முன்னைவிடத் தேறியது. ஒரே செடியை இரு திசைகளிலும் நகர்த்திக் காட்டிய இந்தச் சோதனை, காரணத்தையும் விளைவையும் ஐயமின்றி இணைத்தது. கிடைத்த பலன் குளிர்ச் சேதத்தின் எல்லைக்குள் நின்றது. உறைபனிக்கு அது போதவில்லை.

உயிரணுவுக்குள் காப்புப் பொருள்களைக் குவிக்கும் வழியும் முயலப்பட்டது. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுவால் கிளைசின் பீட்டைனைத் தயாரிக்கும் நெல்லும், டிரெஹலோஸ் சர்க்கரையைத் தயாரிக்கும் நெல்லும் உருவாக்கப்பட்டன. சோதனைக்கூடத்தில் இவை குளிர், உப்பு, வறட்சி ஆகிய மூன்றையும் ஓரளவு கூடுதலாகத் தாங்கின.

தலைமைச் சாவி: சிபிஎஃப் மரபணுக்கள்

திருப்பம், செடி தானே பழகும் முறையைப் பின்தொடர்ந்தபோது கிடைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தொமாஷோ, குளிரில் இயங்கத் தொடங்கும் மரபணுக்களை அராபிடாப்சிஸில் அடையாளம் கண்டார். அவற்றுள் சிஓஆர்15ஏ என்ற ஒன்றை மட்டும் எப்போதும் இயங்கவைத்தபோது பசுங்கணிகத்தின் தாங்குதிறன் ஏறத்தாழ 2 டிகிரி உயர்ந்தது. முழுச் செடியின் உயிர்பிழைப்பில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் இத்தகைய மரபணுக்கள் பலவற்றின் தொடக்கப் பகுதியில் சிசிஜிஏசி என்ற ஒரே டிஎன்ஏ வரிசை திரும்பத் திரும்ப வந்தது. ஒரே கட்டளைக்கு அவை அனைத்தும் கீழ்ப்படிகின்றன என்பதற்கு அது சான்று.

அந்த வரிசையில் அமர்ந்து கட்டளையிடும் புரதத்தின் மரபணு 1997இல் பிரித்தெடுக்கப்பட்டு, சிபிஎஃப்1 எனப் பெயர் பெற்றது. 1998இல் அதை அராபிடாப்சிஸில் ஓயாமல் இயங்கவைத்தபோது, குளிருக்குப் பழக்கப்படாத செடியே உறைபனியைத் தாங்கியது. அதே காலத்தில் ஜப்பானில் கசுகோ யாமாகுச்சி-ஷினோசாகியின் குழு இதே குடும்ப மரபணுக்களைத் தனியாகக் கண்டறிந்து 'டிரெப்' எனப் பெயரிட்டது. இவற்றை மிகுதியாக இயங்கவைத்த செடிகள் வறட்சியையும் உப்பையும் சேர்த்தே தாங்கின. உறைச் சேதம் நீர்வற்றலே என்ற விளக்கத்துக்கு இது மரபணு வழிச் சான்றாயிற்று. ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவிலுள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நிலக்கடலையில் டிரெப்1ஏ மரபணுவைச் சேர்த்து ஆராய்ந்தது குளிருக்காக அல்ல, வறட்சிக்காகவே.

கட்டளைச் சங்கிலியின் அடுத்த கண்ணியும் விரைவில் கிடைத்தது. சிபிஎஃப் மரபணுவையே இயக்கிவிடும் ஐஸ்1 என்ற புரதத்தை 2003இல் விஸ்வநாதன் சின்னுசாமியும் ஜியான்-காங் ஜூவின் குழுவினரும் அறிவித்தனர்.

குட்டைச் செடியும் அதன் தீர்வும்

சிபிஎஃப் ஓயாமல் இயங்கும் செடிகளைப் பயிர் விஞ்ஞானி ஒருவர் பார்த்தால் முதலில் கவலையே கொள்வார். அவை குட்டையாக, இலைகள் சுருங்கி, பூப்பது தள்ளிப்போய், விதை குறைந்து நின்றன. காரணம் பின்னர் தெளிவாயிற்று: சிபிஎஃப் இயங்கும்போது வளர்ச்சி ஹார்மோனான ஜிப்ரலினைச் சிதைக்கும் நொதி பெருகுகிறது. கடுங்குளிரில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வது காட்டுச் செடிக்கு அறிவுடைமை. ஆண்டு முழுவதும் நிறுத்திக்கொள்ளும் பயிரோ விவசாயிக்கு இழப்பு.

முன்னர் இந்த மரபணுவை இயக்கப் பயன்பட்டது, காலிஃபிளவர் வைரஸிலிருந்து எடுத்த, எந்நேரமும் இயங்கும் ஒரு முன்னியக்கி. 1999இல் யாமாகுச்சி-ஷினோசாகியின் குழு அதற்குப் பதிலாக, குளிரும் வறட்சியும் வரும்போது மட்டும் விழிக்கும் ஆர்டி29ஏ என்ற முன்னியக்கியைப் பொருத்தியது. செடிகள் இயல்பான உயரத்தில் வளர்ந்தன. உறையவைத்த சோதனையில் குட்டைச் செடிகளைவிட நன்றாகவே பிழைத்தன. எந்த மரபணுவைச் சேர்க்கிறோம் என்பதைப்போலவே, அது எப்போது விழித்து எப்போது ஓய வேண்டும் என்பதும் இன்றியமையாதது. இத்துறையின் நாற்பது ஆண்டு அனுபவத்தில் மிகப் பயனுள்ள பாடம் இதுவே.

பயிர்களில் கண்ட பலன்

அராபிடாப்சிஸின் உறவான கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரில் 2001இல் சிபிஎஃப் சேர்க்கப்பட்டபோது, குளிருக்குப் பழக்கிய செடிகளின் தாங்குதிறன் சுமார் 4 டிகிரி கூடியது. உருளைக்கிழங்கில் பலன் குறைவு. பயிரிடப்படும் உருளைக்கிழங்கு மைனஸ் 3 டிகிரியில் மடிவது மட்டுமின்றிக் குளிருக்குப் பழகும் திறனும் அற்றது. தென் அமெரிக்காவின் காட்டு உறவான சொலானம் கொமர்சோனி அத்திறன் உடையது. 2007இல் ஆர்டி29ஏ முன்னியக்கியுடன் சிபிஎஃப் பெற்ற உருளைக்கிழங்கு சுமார் 2 டிகிரி கூடுதலாகத் தாங்கியது. கிழங்கு விளைச்சலும் குறையவில்லை.

தக்காளியின் நிலை ஆழ்ந்து பார்க்கத்தக்கது. தக்காளியிலும் சிபிஎஃப் மரபணுக்கள் உண்டு. அவை குளிரில் இயங்கவும் செய்கின்றன. 2004இல் வெளியான ஆய்வின்படி, அந்தக் கட்டளையை ஏற்று விழிக்கும் மரபணுக்களின் கூட்டம் தக்காளியில் மிகச் சிறியது. தலைமைச் சாவியைத் திருப்பினாலும் திறக்கக் கதவுகள் இல்லாத நிலை. எனவே சிபிஎஃப் மட்டும் கொடுத்துத் தக்காளியை உறைபனி தாங்கும் பயிராக்க முடியாது.

மரங்களில் மிகவும் முன்னேறியது யூகலிப்டஸ். அமெரிக்காவின் ஆர்பர்ஜென் நிறுவனம், ஆர்டி29ஏ முன்னியக்கியால் இயங்கும் சிபிஎஃப்2 மரபணுவை ஒரு யூகலிப்டஸ் கலப்பினத்தில் சேர்த்தது. மகரந்தம் பரவாதிருக்க ஆண்மலட்டுத் தன்மையையும் புகுத்தியது. 2010இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பரந்த களச் சோதனைகளுக்கு அனுமதி கிடைத்தது. நீர்வளம், காட்டுத்தீ, பல்லுயிர் குறித்த கேள்விகள் எழுந்தன. வேளாண் துறை 2017இல் சுற்றுச்சூழல் தாக்க வரைவறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னும் அந்த மரம் வணிகச் சாகுபடிக்கு வரவில்லை.

அளவிடுவதில் உள்ள சிக்கல்

சோதனைக்கூட வெற்றி வயலில் நிலைக்காமல் போவதற்கு அளவிடும் முறையும் ஒரு காரணம். வழக்கமான சோதனையில் இலைத் துண்டுகள் சிறிது நீருடன் குழாயில் இடப்படும். குழாய் மைனஸ் 1 டிகிரிக்குக் குளிர்ந்ததும் ஒரு பனித்துண்டைத் தொடவைத்து உறைதல் தொடங்கிவைக்கப்படும். பின்னர் வெப்பநிலை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, ஒவ்வொரு டிகிரியிலும் சில குழாய்கள் வெளியே எடுக்கப்படும். பனி உருகியபின் நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் சவ்விலிருந்து எவ்வளவு அயனி கசிந்தது என்பது தெரியும். பாதி அயனிகள் கசியும் வெப்பநிலையே அந்தச் செடியின் தாங்கும் எல்லை.

துல்லியமான இந்த முறை இலையைப் பற்றி மட்டுமே சொல்கிறது. வயலில் மொட்டு, வேர், பூ ஆகிய ஒவ்வொன்றின் எல்லையும் வேறு. உறைந்து உருகி மீண்டும் உறையும் இரவுகள், பனிக்கடியில் காற்றில்லாமல் கிடக்கும் நாள்கள், இடையில் வரும் திடீர் வெப்பம் எல்லாம் சேர்ந்தே செடியின் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன.

நெல்லும் மரபணுத் திருத்தமும்

அண்மைக் காலப் பணிகளில் நெல்லே முன்னணியில் நிற்கிறது. 2015இல் சீன விஞ்ஞானிகள் கோல்டு1 என்ற மரபணுவை விவரித்தனர். உயிரணுச் சவ்வில் அமர்ந்து குளிரை உணர்ந்து கால்சியம் சைகையை எழுப்ப உதவும் இப்புரதத்தில், ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாற்றம் ஜப்போனிகா நெல்லுக்குக் குளிர் தாங்குதிறன் தருவதில் பங்கு வகிக்கிறது. அந்த மாற்றம் சீனக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. வேற்று உயிரியிடம் போகாமல் பயிரின் உறவினங்களிலேயே விடை தேடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செடியின் சொந்த மரபணுவையே திருத்தும் கிரிஸ்பர் முறை இந்தத் தேடலுக்குத் துணை நிற்கிறது. குளிர் தாங்குதிறனைக் கட்டுப்படுத்தி அடக்கிவைக்கும் மரபணுக்களும் செடியில் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய ஓஎஸ்எம்ஒய்பி30 மரபணுவோடு, கதிர் நீளத்தையும் மணியின் அளவையும் கட்டுப்படுத்தும் இரு மரபணுக்களும் சேர்த்து முடக்கப்பட்டன. விளைச்சலும் குளிர் தாங்குதிறனும் ஒன்றாக உயர்ந்தன. இறுதிச் செடியில் வேற்று டிஎன்ஏ எதுவும் மிஞ்சத் தேவையில்லை. இத்தகைய திருத்தங்களுக்கு இந்தியா 2022 மார்ச்சில் மரபணு மாற்றப் பயிர் விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் பெற்ற இரு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று கூடுதல் விளைச்சலுக்கானது. மற்றொன்று வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்கானது. அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் போரோ எனும் குளிர்கால நெல் பருவத்தின் நாற்றங்கால்கள் ஆண்டுதோறும் குளிரில் வெளிறிப்போகின்றன. அதே தொழில்நுட்பம் அந்த நாற்றுகளுக்கும் பயன்பட வேண்டும்.

இன்றைய நிலை

குளிர் தாங்குவதற்கென்றே மரபணு மாற்றப்பட்ட எந்தப் பயிரும் இன்றுவரை பரவலான வணிகச் சாகுபடியில் இல்லை. குளிர் அதிர்ச்சியில் பாக்டீரியா உருவாக்கும் சிஎஸ்பிபி என்ற புரதத்தைப் பெற்ற மக்காச்சோளம் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. அதுவும் வறட்சி தாங்கும் ரகமாகவே விற்கப்பட்டது. குளிர் தாங்குதல் பல மரபணுக்கள் சேர்ந்து, உரிய நேரத்தில் தொடங்கி, உரிய நேரத்தில் ஓயும் ஒரு கூட்டுச் செயல். ஒரே மரபணுவால் அதை விலைக்கு வாங்கிவிட முயன்றவை தோற்றன. செடியின் சொந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டு திருத்தியவை முன்னேறின. இனி வேண்டியது புதிய மரபணுக்களின் பட்டியல் அல்ல. கையிலுள்ளவற்றை உள்ளூர் ரகங்களில் பொருத்தி, பல பருவங்கள் திறந்த வயலில் சோதித்து, முடிவுகளை ஒளிவுமறைவின்றி விவசாயிகளின் முன் வைப்பதே இன்றைய தேவை. பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்கள் அந்தப் பொறுப்பை ஏற்காவிட்டால், குளிரில் பதராகும் நெல்லுக்கும் கருகும் கிழங்குச் செடிக்கும் இந்த அறிவால் பயன் எதுவும் விளையாது.